வாயாடியின் வாய்மொழி ஒப்புதல்

மார்ச் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை பெய்யவுமில்லை, பெய்யமாட்டேன் என்று உறுதி கூறவுமில்லை. குழந்தைகள், வளரிளம்பருவத்தினர் மனநல உயராய்வு மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் உள்ளே வந்தார். அந்தக் கட்டடத்துக்கு அவர் வருவது புதிதன்று. கருவிப்பெட்டி இல்லாமல் வருவதுதான் புதிது. பெட்டி இருக்க வேண்டிய வலக்கையில் அன்று மகளின் கை இருந்தது.

ஆறு மாடிக் கட்டடம்; ஒரே லிஃப்ட். ஒன்பது ஆண்டுகளாக அதைப் பராமரிப்பவர் அவர்தான். மூன்றாம் மாடியில் கதவு அரை நொடி தயங்கும் என்பதும், மழைக்காலத்தில் அடிக்குழியில் கணுக்கால் அளவு நீர் ஊறும் என்பதும் அவருக்கு மனப்பாடம். ‘எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ’ என்ற தகட்டைத் திருகி வைத்தவரும் அவரே. அந்த லிஃப்டில் பேராசிரியர்கள் ஏறியிருக்கிறார்கள், பார்வையாளர்கள் ஏறியிருக்கிறார்கள், ஒரு முறை, ஆளுயர மூளைப் பொம்மை ஒன்று படுத்த நிலையில் ஏறியிருக்கிறது. ஒரு குழந்தை ஏறி மட்டும் அவர் பார்த்ததில்லை. மையம் ஆராய்வது குழந்தைகளை அன்று, குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளை என்று பின்னொரு நாள் அவருக்கு விளக்கப்பட்டது.

லிஃப்டுக்குள் சிக்கிக்கொள்பவர் பேசுவதற்கென்று உள்ளே ஒரு தொலைபேசி உண்டு. அதன் மறுமுனை பதிவு மேசையின்மேல் இருந்தது. ஒலித்தால் தொந்தரவாக இருக்கிறது என்று அதன் கம்பியைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மாதந்தோறும் அவர் வந்து செருகிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அது மீண்டும் பிடுங்கப்படும். இரு தரப்பும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

மகளுக்கு வயது பதின்மூன்று. வீட்டில் அவள் பெயர் வாயாடி. பிறந்தபோதே ஏதோ புகார் சொல்லிக்கொண்டுதான் வந்தாள் என்று அவள் அம்மா சொல்வாள். சுவரைப் பார்த்து நிற்க வைத்தால் சுவரோடு பேசுவாள். சுவர் பதில் சொல்லாவிட்டால் அதற்கும் சேர்த்து அவளே பேசுவாள். அப்படிப்பட்டவள் கடந்த நவம்பர் பத்தொன்பதாம் தேதியிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்று கடைசிப் பாடவேளையில், ‘ஓட்டை வாய்’ என்று சொல்லி, ஓர் ஆசிரியை பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை அவளுடைய ஒரு காதிலிருந்து மறுகாதுவரை ஒட்டி, வகுப்பின் முன்னால் நாற்பது நிமிடம் நிற்க வைத்தார். வகுப்பு சிரித்தது. மணி அடித்தது. டேப்பை எடுக்க ஆசிரியைக்கு மறந்துவிட்டது. எடுக்கலாம் என்று யாரும் சொல்லாததால் அவளும் எடுக்கவில்லை. அதனோடேயே வீட்டுக்கு நடந்து வந்தாள். அம்மா வெந்நீர் வைத்துப் பிரித்தாள். உதட்டோரத்தில் தோலும் கொஞ்சம் பிரிந்து வந்தது. பள்ளி முறைப்படி விசாரணை நடத்தி, குறிப்பிட்ட பாடவேளையில் வகுப்பில் அமைதி நிலவியதை உறுதி செய்தது.

அதற்குப் பிறகு அவளிடம் ஒரே ஒரு பழக்கம் புதிதாகச் சேர்ந்தது. எங்கே எது ஒட்டியிருந்தாலும், சோப்பு உறையின் விலைச் சீட்டாயினும், பேருந்து ஜன்னலின் விளம்பரமாயினும், கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாகப் பிரித்துவிடுவாள்.

நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆலோசகர் ஒருவர் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, வாரம் ஒரு மணி நேரம், பேசாத பிள்ளைகளோடு தாமும் பேசாமல் உட்கார்ந்து படம் வரைவது அவர் வைத்தியம். அவரிடம் ஓர் இடம் காலியாக இருந்தது. “மாசக் கடைசி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன். அதுக்கு மேல என் கையில இல்ல. உயராய்வு மையத்துல ‘சிகிச்சை தேவை’ன்னு ஒரு முடிவு, கையெழுத்தோட வாங்கிட்டு வந்துடுங்க. ஒரு வரி போதும்” என்று அவர் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் மெக்கானிக் வந்திருந்தார்.

பதிவு எழுத்தர் நிமிராமலே கேட்டார்: “குழந்தையா, வளரிளம்பருவமா?”

“எம் பொண்ணுங்க.”

“அது உறவு. நான் கேட்டது பிரிவு.”

“பதிமூணு முடிஞ்சு ஆறு நாள் ஆச்சு, மேடம்.”

எழுத்தர் பேனாவை வைத்தார். “ஆறு நாள் முன்னாடி வந்திருந்தா முதல் மாடி, குழந்தைப் பிரிவோட போயிருக்கும். எப்பலேருந்து பேசல?”

“நவம்பர்லேருந்து.”

“அப்ப இதுவரைக்கும் பேசாம இருந்தது குழந்தை. இனிமே பேசாம இருக்கப்போறது வளரிளம்பருவம். ரெண்டு கோப்பு போடணும்.” போட்டார். “என்ன பிரச்சினை? ஒரே சொல்லுல.”

“பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் வந்து...”

“ஒரே சொல்லுல.”

மெக்கானிக் மகளைப் பார்த்தார். அவள் மேசையோரத்தில் ஒட்டியிருந்த ‘சாயாதீர்’ என்ற சீட்டின் மூலையைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். “பேசலைங்க” என்றார். எழுத்தர் ‘மௌனம்’ என்று எழுதினார்.

“என்ன நடந்துச்சுன்னு எழுதிக்கலையா, மேடம்?”

“அதுக்குக் கட்டம் இல்ல. வீட்ல கூப்பிடற பேரு?”

“வாயாடி.”

எழுத்தர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுதி அடிக்கோடிட்டார். பிறகு ஓர் அட்டையை மகளை நோக்கித் திருப்பினார். “பாப்பா, இதச் சத்தமா படி. ‘இவ்வாய்வில் பங்கேற்க மனமார இசைகிறேன்.’ நீ சொல்லணும், நான் காதால கேட்கணும். வாய்மொழி ஒப்புதல்.”

“அவ பேசறதில்லன்னுதானே மேடம் இங்க கூட்டிட்டு வந்தேன்?”

“பேசாதது ஆய்வு. பேசறது ஒப்புதல். ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஒப்புதல் இல்லாம ஆய்வு இல்ல. ஆய்வு இல்லாம முடிவு இல்ல.”

“எழுதிக் கொடுத்தா?”

“எழுத்து ஒப்புதல் பதினெட்டு வயசுக்கு மேல.”

“தலையாட்டினா?”

“ஆட்டினது மேலயும் கீழயுமா, இல்ல பக்கவாட்டுலயான்னு போன வருஷம் ஒரு கேஸ். இன்னும் முடியல.”

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்றொரு பழமொழி மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்தது. அதன் முதற்சொல்லை இக்கட்டடத்தில் உச்சரிப்பது தண்டனைக்குரியது என்று எதிர்ச்சுவரில் எழுதியிருந்ததால் விழுங்கிக்கொண்டார். விவகாரம் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

நெறிமுறைக் குழு பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, ஐந்தாம் மாடியில் கூடியது. குழுவின் தலைவர் மையத்தின் இயக்குநர். ஆய்வை முன்மொழிபவரும் அவரே. அதில் அநீதி ஏதும் உண்டா என்று ஆராய்பவரும் அவரே. இவ்விருவருக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை என்பதை மையத்தின் ஆண்டு மலர் பெருமையோடு குறிப்பிட்டிருந்தது.

தந்தையும் மகளும் நீள்மேசையின் கடைக்கோடியில் உட்கார வைக்கப்பட்டனர். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே, ஒரு குழந்தை மௌனமாக இருக்கிறது. நாம் அதன் ஒப்புதலைக் கேட்கிறோம். அது மௌனமாகவே இருக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை ஒரு சிக்கல் என்பார்கள். நான் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை. நான் ஆழமாகப் பார்க்கிறேன். பல சமயங்களில் எனக்கு எதுவும் தெரிவதில்லை. அதுதான் ஆழத்தின் இயல்பு. நம் மொழியில் ஒரு வாக்கு உண்டு: மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. அப்படியானால் இந்தக் குழந்தை வந்த நாளிலிருந்து இடைவிடாமல் சம்மதித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு முழுமையான ஒப்புதலை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை.”

மேசை தட்டப்பட்டது. ஓர் உறுப்பினர் மட்டும், அந்த வாக்குக்குச் சான்று வேண்டும், யார் சொன்னது, எந்த ஆண்டு என்று கேட்டார். முடிவில் ‘மக்கள், ஆண்டு தெரியவில்லை’ என்று அடிக்குறிப்பு இடுவதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

அடுத்து, அதே ஒப்புதல் புகைப்படத்துக்கும், சுவரொட்டிக்கும், ஆண்டு மாநாட்டு மேடைக்கும் செல்லுமா என்று குழந்தையிடம் தனித்தனியாகக் கேட்கப்பட்டது. மூன்றுக்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை. அடையாளம் வெளிப்படலாகாது என்பதில் மையம் கண்டிப்பானது. ஆகவே, ‘சுவரொட்டியில் முகத்தின் ஒரு பகுதி மறைக்கப்படுதல் வேண்டும்’ என்றும் தீர்மானம் நிறைவேறியது. எந்தப் பகுதி என்று யாரும் கேட்கவில்லை. மணி ஒன்றாகியிருந்தது, சாப்பாடு வந்துவிட்டது.

எழுந்த இயக்குநரை மெக்கானிக் வாசலில் மறித்தார். “சார், ஒரு நிமிஷம். நவம்பர்ல என்ன நடந்துச்சுன்னா...”

இயக்குநர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். விளையாட்டுக்காக அன்று, முறைப்படி. “சொல்லாதீங்க! காரணம் தெரிஞ்சுட்டா ஆய்வு ஒரு பக்கமா சாஞ்சுடும். எங்க ஆளுங்களுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கணும். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு.”

“ஒரு லிஃப்ட் நின்னுபோச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னுதான் சார் நாங்க முதல்ல கேட்போம்.”

“அதனாலதான் நீங்க மெக்கானிக்கா இருக்கீங்க” என்று இயக்குநர் கனிவோடு சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பதினெட்டாம் தேதி நான்காம் மாடியில் வினாத்தாள் கொடுக்கப்பட்டது. மகளுக்கு நூற்றுப் பன்னிரண்டு வினாக்கள், பெற்றோருக்கு இருபத்தெட்டு. எங்கோ தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேற்று மொழியில் எழுதப்பட்டு, ஒரு சொல்லும் சேதப்படாமல் சொல்லுக்குச் சொல் இறக்கிவைக்கப்பட்ட தாள் அது. நாற்பது நாடுகளில் செல்லுபடியானது. எந்த நாட்டிலும் புரிந்ததா என்பது ஆராயப்படவில்லை.

ஆய்வு உதவியாளர் ஓர் இளம்பெண். நான்கு மாத ஒப்பந்தத்தில் இருப்பவள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் மனிதத்தன்மை அவளிடம் மிச்சமிருந்தது. ஒப்பந்தம் தொடங்கி மூன்று வாரமே ஆகியிருந்தது காரணமாகலாம்.

மெக்கானிக் தம் தாளின் முதல் வினாவை இரண்டு முறை படித்தார். ‘கடந்த இரு வாரங்களில் நான் கீழே உணர்ந்தேன்.’ எதிரே நான்கு கட்டங்கள்: எப்போதும், அடிக்கடி, எப்போதாவது, இல்லை.

“மேடம், கீழேன்னா எங்க?”

“கேள்விய விளக்கக் கூடாதுண்ணா. விளக்கினா செல்லாமப் போயிடும்.”

“தரைத்தளமா, அதுக்கும் கீழயா? அத மட்டும் சொல்லுங்க.”

“உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடுங்க.”

அந்த இரண்டு வாரங்களில் அவர் ஒன்பது கட்டடங்களின் அடிக்குழிகளில் இறங்கிக் கம்பிவடம் மாற்றியிருந்தார். நேர்மையான மனிதர், ‘எப்போதும்’ என்று குறித்தார். ‘நான் ஒரு குழிக்குள் இருப்பதாகவும் வெளிவர வழியில்லை எனவும் எண்ணினேன்.’ அடிக்கடி; ஏணியை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால் எப்போதும். ‘எல்லாம் என் தலைமேல் விழப்போவதாக அஞ்சுகிறேன்.’ இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. அந்த அச்சம் இல்லாதவன் அத்தொழிலில் ஓராண்டு தாங்கமாட்டான். ‘ஒரு நூலில் தொங்குகிறேன்.’ நூலன்று, எட்டு மில்லிமீட்டர் வடம் என்று ஓரத்தில் திருத்தம் எழுதி, ‘எப்போதும்’ என்று குறித்தார். ஓரத்தில் எழுதுவது கணக்கில் சேராது.

இருபதாம் வினாவில் நின்றார். ‘என் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் இருந்தன.’

குனிந்து மகளின் காதில் கேட்டார்: “வாயாடி, பட்டாம்பூச்சி ஏதாவது சாப்பிட்டோமா நாம?”

அவளுடைய உதட்டின் இடது ஓரம், தோல் பிரிந்து ஆறிய அந்த இடம், ஒரு நூலளவு மேலே போயிற்று. போய், உடனே திரும்பிவிட்டது. நான்கு மாதத்தில் அவள் முகத்தில் நிகழ்ந்த முதல் நிகழ்ச்சி அது. அதைக் குறித்துக்கொள்வதற்கு அந்த அறையில் இருந்த நூற்று நாற்பது வினாக்களில் ஒன்றிலும் இடமில்லை.

கூட்டிப் பார்த்த உதவியாளரின் முகம் வெளிறியது. “அண்ணா, எண்பத்து நாலுக்கு எண்பத்தொண்ணு! இந்த மையத்துல இதுவரைக்கும் யாரும் இவ்வளவு வாங்கினதில்ல. எப்படிண்ணா நடமாடறீங்க?”

“நான் நல்லா வேலை பார்க்கிறேன்மா. இவ தாளப் பாருங்க.”

மகளின் தாளில் ஒன்றும் இல்லை. ஓரத்திலிருந்த மையத்தின் முத்திரைச் சீட்டை மட்டும் அழகாகப் பிரித்து எடுத்து மேசையின்மேல் ஒட்டியிருந்தாள்.

“விடுபட்ட தரவு” என்றாள் உதவியாளர். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “கவலைப்படாதீங்கண்ணா. காலியா விடமாட்டாங்க. மத்தப் பிள்ளைங்க சொன்ன பதிலோட சராசரிய எடுத்து நிரப்பிடுவாங்க. நானூத்துப் பன்னண்டு பிள்ளைங்க.”

“அதுல பேசாத பிள்ளைங்க எத்தனை பேரு?”

உதவியாளர் சற்று யோசித்தாள். “பேசாத பிள்ளைங்க பதில் சொல்ல மாட்டாங்களேண்ணா.” சொன்ன பிறகு தான் சொன்னது அவளுக்கே கேட்டது. தாள்களை அவசரமாக அடுக்கத் தொடங்கினாள்.

அன்று மாலை சலவைக்கடையிலிருந்து திரும்பிய மனைவி, இஸ்திரி போட்ட கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஒரு வரி வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, நோய வாங்கிட்டு வந்து நிக்கிறீங்க. அதுவும் முதல் ரேங்க்.”

“என்னை விடு. அவளுக்குச் சராசரி போடறாங்களாம்.”

“யாருங்க அந்தச் சராசரி? அவ அம்மா யாரு? அந்தப் பொண்ணு வாயில டேப் ஒட்டினாங்களா?” மனைவி மகளின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டாள். “டேப்பு விஷயத்தச் சொன்னீங்களா இல்லையா?”

“சொல்லப் போனா காதைப் பொத்திக்கிறாரு.”

“அப்ப அவங்க வாய் ஓய்ஞ்சிருக்கற நேரமாப் பார்த்துச் சொல்லுங்க.”

“அப்படி ஒரு நேரம் அங்க இல்லடி.”

இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆறாம் மாடி அரங்கில் ஆண்டு மாநாடு நடைபெற்றது. அதன் தலைப்பு, ‘குழந்தையின் குரல்’. பேச்சாளர்கள் முப்பத்தொரு பேர். அவர்களுள் வயதில் இளையவருக்கு நாற்பத்தேழு. மாநாட்டுக்கு வந்தால்தான் கோப்பு நகரும் என்று எழுத்தர் சொல்லியிருந்ததால், தந்தையும் மகளும் காலையிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தனர். அவளுக்கென்று நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் பேசிய இயக்குநர் அதையும் எடுத்துக்கொண்டார்.

“குழந்தைகளைக் கேளுங்கள்! இதை நான் இருபத்தாறு ஆண்டுகளாக நிறுத்தாமல் சொல்லிவருகிறேன். குறுக்கே பேச ஒருவரையும் நான் விட்டதில்லை. ஒரு குழந்தை நம்மிடம் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் அளக்கிறோம். பிறகு அளவுகோலை அளக்கிறோம். பிறகு அளந்தவர்களை அளக்கிறோம். அதற்குள் அந்தக் குழந்தை வளர்ந்துவிடுகிறது. வளர்ச்சி! இதைவிட நல்ல விளைவு வேறென்ன வேண்டும்? ஏழு தொகுதிகள் வெளியிட்டிருக்கிறோம். எட்டாவது அச்சில் இருக்கிறது. குணமானவர்கள் எத்தனை பேர் என்று சிலர் கேட்கிறார்கள். நண்பர்களே, குணமானவர்களை வைத்துக்கொண்டு யார் ஆய்வு செய்ய முடியும்?”

கைதட்டல் அடங்குவதற்குள் மேடைக்குப் பின்னாலிருந்த திரை விலகியது. இரண்டு ஆள் உயரச் சுவரொட்டி. அதில் மகளின் முகம்.

தீர்மானம் அப்படியே நிறைவேற்றப்பட்டிருந்தது. முகத்தின் ஒரு பகுதி மறைக்கப்பட்டிருந்தது. கண்கள் வடிவாக இருந்தபடியால் வடிவமைப்பாளர் அவற்றை விட்டுவைத்து, ஒரு காதிலிருந்து மறுகாதுவரை, வாயின்மேல், அகலமான கறுப்புப் பட்டையைப் போட்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில்: ‘குழந்தையின் குரல்’.

யாரும் தடுப்பதற்குள் மகள் எழுந்து நடந்தாள். மேடையேறினாள். சுவரொட்டியின் முன்னால் நின்று, கட்டைவிரல் நகத்தைப் பட்டையின் மூலையில் வைத்துக் கிளப்பினாள். வரவில்லை. அது ஒட்டியதன்று, அச்சிட்டது. மறுமூலைக்குப் போனாள். மீண்டும் முதல் மூலைக்கு வந்தாள். நகம் தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அவள் நிறுத்தவில்லை.

“பாருங்கள்!” என்றார் இயக்குநர் ஒலிவாங்கியில். “குழந்தை நம் ஆய்வோடு நேரடியாக உறவாடுகிறது!” அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முப்பது கைபேசிகள் உயர்ந்தன.

மெக்கானிக் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். “எடுங்கய்யா அத! கழட்டுங்க!”

“கேள்வி நேரம் இன்னும் தொடங்கவில்லை” என்று ஒருவர் மறித்தார்.

“அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்” என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு. “ஆனால் கருத்து வேண்டாம். கேள்வியாக மட்டும் இருக்க வேண்டும்.”

மெக்கானிக் மூச்சு வாங்கினார். இத்தனை நாள் கட்டம் கிடைக்காமல் அலைந்த வாக்கியம், கேள்வி வடிவத்தில் வெளியே வந்தது. “எம் பொண்ணு பேசினான்னு, அவ வாயில டேப் ஒட்டி, நாப்பது நிமிஷம் நிக்க வச்சு, வகுப்பே சிரிச்சுது. அதே வாயில நீங்களும் ஒட்டி வச்சிருக்கீங்க. எத்தனை நாளா இங்க வரோம்! என்னம்மா நடந்துச்சுன்னு உங்கள்ல ஒருத்தர் அவளைக் கேட்டீங்களா?”

முதல் வரிசையில் ஒருவர் தம் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கடைசியில் நின்ற ஆய்வு உதவியாளர் தன் கழுத்து அடையாள அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“மிக நல்ல கேள்வி” என்றார். “இது பற்றி மேலும் ஆய்வு தேவை.”

தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது.

மெக்கானிக் மகளை அழைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். அவள் நகக்கண்ணில் கறுப்பு மை படிந்திருந்தது. மூன்றாம் மாடியில், யாரும் ஏறாதபோதும், கதவு அரை நொடி தயங்கித் திறந்து மூடியது. மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். வீடு சேரும்வரை அவ்வப்போது பார்த்துக்கொண்டே வந்தாள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். மழை ஒருவழியாக முடிவெடுத்துப் பெய்துகொண்டிருந்தது. நகர மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனால் இருபது நிமிடம். பதிவு மேசையின் முன்னால் இருவரும் காலையிலிருந்து நின்றிருந்தனர். எழுத்தரின் முழங்கையருகே, கம்பி பிடுங்கப்பட்ட அந்தத் தொலைபேசி இருந்தது.

“வந்துடுச்சு” என்றார் எழுத்தர். “மேலேயே கையெழுத்தாகி வந்துடுச்சு. படிக்கிறேன், கேட்டுக்குங்க.”

படித்தார்.

“பங்கேற்பாளர், வாயாடி என வீட்டில் வழங்கப்படுபவர். இப்பெயர் பேச்சுத்திறனுக்கு முதன்மைச் சான்று. ஆய்வுக்குத் தடையின்றி ஒப்புதல் அளித்தார். நூற்றுப் பன்னிரண்டு வினாக்களுக்கும் நிரப்பப்பட்ட விடைகளின்படி, நண்பர்களோடு வாரத்துக்குப் பதினொன்று புள்ளி நான்கு முறை உரையாடுகிறார்; பள்ளியை விரும்புகிறார்; ஆசிரியர்களை நம்புகிறார். மாநாட்டில் தாமாக மேடையேறினார். முடிவு: நலம். சிகிச்சை தேவையில்லை.

“பங்கேற்பாளரின் தந்தை: நிலை மிகக் கடுமை. எனினும் பதினெட்டு வயதைக் கடந்தவராதலின் மையத்தின் எல்லைக்குள் வாரார். அவருக்கு ஆறுதலாக இருக்கும்பொருட்டு, பங்கேற்பாளர் அவரோடு நாள்தோறும் மனம்விட்டுப் பேசுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. ஒப்பம், இயக்குநர்.”

மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுத்தரைப் பார்த்தார். “மேடம், ஒரே ஒரு வரி. ‘தேவையில்லை’ங்கறதுல அந்த ‘இல்லை’ய மட்டும் எடுத்துடுங்க. அஞ்சு மணிக்குள்ள ஓடிடுவேன்.”

“கையெழுத்தான தாள்ல ஒரு புள்ளி கூட மாத்தக் கூடாது. மேல்முறையீடு பண்ணலாம். பதினெட்டு மாசம்.” எழுத்தர் தாளை நீட்டினார். “பாப்பா, ‘முடிவைப் பெற்றுக்கொண்டேன்’னு சொல்லு. வாய்மொழி.”

“அதுக்கும் மௌனம் சம்மதம்னு போட்டுக்குங்களேன்” என்றார் மெக்கானிக். அவர் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

“அது ஒப்புதலுக்கு. இது ரசீது. ரசீதுக்கு மௌனம் செல்லாது.”

மகள் தன் முகத்துக்கு நேரே நீண்டிருந்த தாளைப் பார்த்தாள். இயக்குநரின் கையொப்பத்தைப் பார்த்தாள். ‘ஆசிரியர்களை நம்புகிறார்’ என்ற வரியில் அவள் கண்கள் சிறிது நேரம் நின்றன. பிறகு, மை படிந்த கட்டைவிரலால் தாளை மெதுவாக எழுத்தரின் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“வேண்டாம்” என்றாள்.

எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோன்ற குரல். நான்கு மாதமும் பன்னிரண்டு நாளும் கிடந்து துருவேறிய குரல். ஆனால் சொல் முழுச் சொல். ஓர் எழுத்தும் விடுபடவில்லை. மெக்கானிக்கின் கை அவள் கையைச் சுற்றி இறுகியது. ஏதோ கேட்க வாய் திறந்தார். அதற்குள் எழுத்தர் முந்திக்கொண்டார்.

எழுத்தரின் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

“பார்த்தீங்களா! எவ்வளவு தெளிவாப் பேசறா! இதுக்குப் போய் இவ்வளவு அலைஞ்சீங்க. முடிவு சரியாத்தான் வந்திருக்கு.” அவர் பதிவேட்டை இழுத்து, ‘வாய்மொழி: பெறப்பட்டது. நேரம்: 4.26’ என்று எழுதி, முத்திரையிட்டு, கையொப்பமிட்ட முடிவைத் தந்தையிடம் நீட்டினார்.

வலக்கையில் மகளின் கை இருந்தது. அவர் அதை இடக்கையால் வாங்கிக்கொண்டார்.